மறுகால் பாயுதாம், பாக்கப் போறியளா?

எங்கள் பக்கம் வெள்ளம் என்றதும் முதலில் வருவது பயமில்லை, சந்தோஷம். காவிரிக்கரைக்காரர்களிடமும் தாமிரபரணிக்காரர்களிடமும் இதைச் சொன்னால் முறைப்பார்கள். அவர்கள் ஆற்றோடு பழகியவர்கள். செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு ஆறு என்றால் மணல், அதில் மேயும் ஆடு, இரண்டு கரையிலும் சீமைக்கருவேலம். தேனாறு, மணிமுத்தாறு, விருசுழி, பாம்பாறு, சருகணி என்று பெயருக்குக் குறைச்சல் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை கூடினால் சில நாள் தண்ணீர் ஓடும். கூடாத வருஷத்தில் அதுவும் கிடையாது. எல்லாமே காட்டாறுகள். மேற்கே பெய்த மழை கிழக்கே கடலுக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

அதனால் "கம்மா பெருகிருச்சு, மறுகால் பாயுது" என்று, அதாவது கண்மாய் (ஏரி) நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியே வழிகிறது என்று சேதி வந்தால் வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. அது வழிகிற கல்கட்டுக்குக் கலிங்கு என்று பெயர். அங்கே தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூவைத் தூவி விடுவார்கள். கைக்குழந்தையைக் கூடத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். "நீர்நிலைகளை வேடிக்கை பார்க்கச் செல்ல வேண்டாம்" என்று மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு வருஷமும் அறிக்கை விடுகிறது. கண்மாய்க்குள் தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் பல வருஷம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்துக் காய்ந்தவனிடம், தண்ணீர் வந்த நாளில் போகாதே என்றால் போகாமல் இருப்பானா? நானும் போகிறவன்தான். ஆகவே போகாதீர்கள் என்று எழுதப் போவதில்லை. எங்கே நிற்கலாம், எங்கே கால் வைக்கவே கூடாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் நீச்சல் தெரிந்தவர்கள் நிறைய. ஆனால் கற்றுக்கொண்டது கிணற்றில், ஊருணியில், நிறைந்து நிற்கிற கண்மாயில். நிற்கிற தண்ணீரில் பழகிய நீச்சல் ஓடுகிற தண்ணீரில் பாதிகூட உதவாது. நல்ல நீச்சல்காரன் என்று பெயர் எடுத்த ஆட்களே முதலில் இறங்குகிறார்கள் என்பதுதான் வம்பு.

முதலில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். இங்கே ஆற்றைத் தனியாகவும் கண்மாயைத் தனியாகவும் நினைக்கக் கூடாது. வரத்துக்கால் வழியாக மேல்கண்மாய் நிறையும். அது நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக மறுகால் போய்க் கீழ்க்கண்மாய்க்கு வரத்தாகும். அதுவும் நிறைந்தால் அடுத்தது. நடுவில் கிடைக்கிற ஓடையிலும் ஆற்றிலும் சேர்ந்து கடைசியில் கடல். அவ்வளவு பெரிய வைகையே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்த்தான் அடங்குகிறது. ஆக, உங்கள் ஊர்த் தரைப்பாலத்தில் நாளைக் காலை எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதை உங்கள் ஊர் மழை தீர்மானிப்பதில்லை. மேலே நாலைந்து கண்மாய் தள்ளி நேற்று ராத்திரி பெய்தது தீர்மானிக்கும். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர். புரட்டாசியில் என்றால் காய்ந்த பூமி அதில் பெரும்பங்கைக் குடித்துவிடும். கார்த்திகையில் மண் ஊறிப்போய், கண்மாய்களும் தளும்பி நிற்கும்போது அதே 10 செ.மீ. பெய்தால் வந்தது வந்தபடி ஓடும். வானிலை அறிக்கையில் கனமழை என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய 6.5 முதல் 11.5 செ.மீ., அதற்கு மேல் 20 செ.மீ. சொச்சம் வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. சொல் ஒன்றுதான், மாதத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

"நம்ம சீமையில அவ்வளவு மழையா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம் போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டமும் நம்மைப் போலக் காய்ந்த பூமிதான். குளங்கள் உடைந்து ஊர்கள் தீவாகின. 2024 நவம்பரில் இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். இராமேஸ்வரம் நமக்குப் பக்கத்து மாவட்டம். மேகம் இன்னும் கொஞ்சம் வடமேற்கே நகர்ந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அன்றைக்கு நினைக்காமல் இல்லை.

இனி தரைப்பாலம். எங்கள் பக்கத்து அபாயங்களில் இதற்குத்தான் முதல் இடம். ஓடையின் குறுக்கே நாலு சிமெண்டுக் குழாயைப் போட்டு, மேலே தார் போட்டுவிடுவார்கள். கைப்பிடிச் சுவர் இருக்காது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது பாலம் என்றே தெரியாது, ரோடு கொஞ்சம் இறங்கி ஏறும், அவ்வளவே. வெள்ளம் வந்ததும் கருவேல முள்ளும் செத்தையும் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ரோட்டு மேல் ஏறும். மேலே ஏறிய தண்ணீர் அந்தப் பக்கம் விழுகிற இடத்தில் மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே தார் ஒரு தகடாக நிற்க, அடியில் ஒன்றும் இருக்காது. செம்மண் கலங்கல் என்பதால் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி பைக் வெளிச்சத்தில் கலங்கிய தண்ணீரும் நனைந்த ரோடும் ஒரே நிறம்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு தரைப்பாலத்தில் பார்த்தது. இரண்டு பக்கமும் ஆள் கூடி நிற்கிறது. ஊர்ப் பையன்கள் குறுக்கே கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் எக்செல் வண்டியில் முன்னால் ரேஷன் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கச் சொல்லி ஒரே சத்தம்.

"டவுன் பஸ்ஸு போச்சுல்லடா இப்ப? நான் போனா என்ன?"

"பஸ்ஸு எம்புட்டு எடை, நீங்க எம்புட்டு எடை பெரியப்பா?"

"இந்த ஓடைல எத்தன வெள்ளம் பாத்தவன் தெரியுமா நான்?"

"தண்ணிய பாத்திருப்பிய. அடியில ரோடு இருக்கான்னு பாத்தியளா?"

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஸ்டாண்டு போட்டார். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்தது. பஸ் போன தடத்துக்கு அரை ஆள் தூரத்தில் ரோட்டின் ஓரம் முழுதாகக் காணாமல் போயிருந்தது. காட்டாற்றில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, மேலே மழை விட்டால் அவ்வளவு வேகமாக இறங்கும். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதுவே சொல்லும்.

கார்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் கனமானது என்ற நம்பிக்கை யாரையும் விடுவதில்லை. சின்னக் கார் ஏறக்குறைய 900 கிலோ. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 6 சதுர மீட்டர் வரும். அடிப்பாகம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் ஏறினால், வண்டி ஒதுக்குகிற தண்ணீரின் எடையே 900 கிலோ. அதாவது மொத்தம் ஒரு அடி சொச்சம் ஆழம், முழங்காலுக்குக் கீழே. அந்த ஆழத்திலேயே உள்ளே தண்ணீர் புகுவதற்கு முன் டயர் தரையை விட்டுவிடும். அப்புறம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு அடி என்றால் பெரிய வண்டிகளும் போகும். நடந்து போகிறவரை அரை அடி ஓட்டத் தண்ணீரே சாய்த்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்கு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீரில் ஆழம் தெரிந்தும் காலை விடக் கூடாது.

மீறி மாட்டிக்கொண்டால்? கார் என்றால் சீட் பெல்ட்டை அவிழ்த்து, கரண்ட் கண்ணாடி வேலை செய்கிறபோதே இறக்கி, ஜன்னல் வழியாக வெளியேறிக் கூரை மேல் ஏற வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டிருந்தால் வெளித்தண்ணீர் விடாது. தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து மிதந்து, காலை ஓட்டம் போகும் திசையில் நீட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கல்லிடுக்கில் கால் சிக்கினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். எதிர்த்து நீந்தாமல் குறுக்கு வாட்டத்தில் கரையைப் பார்த்து ஒதுங்க வேண்டும். எங்கள் ஆறுகளில் கூடுதலாக ஒரு சனியன், கருவேலம் புதர். தண்ணீர் அதில் வடிந்து போய்விடும், ஆள் மட்டும் முள்ளில் மாட்டிக்கொள்வான். கிளை தெரிகிறதே என்று அதைப் பிடிக்கப் போகக் கூடாது.

காப்பாற்றுகிறேன் என்று குதிப்பவர்கள்தான் இரண்டாவது சாவு. கயிறு, வேட்டி, முடிச்சுப் போட்ட சேலை, எதையாவது வீசுங்கள். மூடி இறுகிய காலி 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும். தண்ணீரில் கிடக்கிற ஆளின் தலையை மேலே வைக்க அதில் கால்வாசி இருந்தாலே போதும். மழைக்காலத்தில் தரைப்பாலத்துப் பக்கம் உள்ள டீக்கடைகளில் நாலு காலிக் கேனும் ஒரு நைலான் கயிறும் தொங்கினால் எவ்வளவோ புண்ணியம்.

கலிங்கைப் பற்றி. மறுகால் பாய்கிற இடத்தில் மீன் எதிர்த்து ஏறும். ஏத்துமீன் பிடிக்கப் பையன்கள் வலையும் சாக்குமாக வந்து கலிங்குக் கல்லிலேயே நிற்பார்கள். பாசி பிடித்த கல் அது. விழுந்தால் கலிங்குக்குக் கீழே தண்ணீர் சுருட்டிச் சுருட்டித் திருப்புகிற இடத்துக்குள் போய்விடுவோம். நன்றாக நீந்துகிறவனையும் அது வெளியே விடாது. மீன் வேண்டுமென்றால் கீழே தண்ணீர் பரந்து, ஓட்டம் தளர்ந்து வயலில் போகிற இடத்துக்குப் போங்கள், அங்கேயும் கெண்டை வரும். மடை திறந்திருக்கும்போது உள்வாய்ப் பக்கம் குமிழியை (மடைக்குத் தண்ணீர் இறங்குகிற துவாரத்தை) ஒட்டிக் குளிப்பதும் அதே கதை. மேலே ஒரு சின்னச் சுழல்தான் தெரியும், அடியில் இழுவை பயங்கரம்.

வெள்ளத்தைவிட நான் அதிகம் பயப்படுவது மழை ஓய்ந்த பிறகு, மார்கழி தையில், அமைதியாக நிறைந்து நிற்கிற கண்மாயைத்தான். சவுடு மண் அள்ளுகிறேன் என்று கோடையில் உள்வாயைத் தோண்டிப் போட்டிருப்பார்கள். சரிவாக அள்ளினால் தொந்தரவில்லை. பொக்லைனில் செங்குத்தாக இரண்டாள் ஆழம் வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீர் நிறைந்ததும் எல்லாம் ஒரே மட்டம். இடுப்பளவு தண்ணீரில் விளையாடுகிற பிள்ளை அடுத்த அடி எடுத்து வைத்தால் தரை இருக்காது. அரையாண்டு விடுமுறையில் இப்படி ஒரு செய்தியாவது பேப்பரில் வராத வருஷம் எனக்கு நினைவில்லை. கோடையில் பள்ளம் கிடக்கும் இடத்தைப் பார்த்துவைத்து, மழைக்கு முன்னால் நாலு பக்கமும் உயரமான மூங்கில் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுவதற்கு எந்த நிதியும் வர வேண்டியதில்லை.

இப்போது கரை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி, அதாவது தண்ணீரையும் கரையையும் பார்த்துக்கொள்கிறவர், ஒருவர் இருக்கிறார், எனக்கு மாமா முறை. மழைக்காலத்தில் ராத்திரி கரை சுற்றப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். கரை மேல் நடப்பார் என்று நினைத்தால் அவர் வெளிப்பக்கம் இறங்கி, கரையின் அடியோடு, வயலை ஒட்டி நடந்தார். கையில் டார்ச், ஒரு கம்பு. ஒரு இடத்தில் புல்லுக்கடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையில் ஏந்தி டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"தெளிஞ்சு வருதா பாருங்க மாப்ளை. தெளிஞ்சு வந்தா கரைக்கு வேர்க்குதுன்னு அர்த்தம், விட்றலாம். கலங்கி வந்தா உள்ள மண்ணு போவுதுன்னு அர்த்தம். ஆளக் கூப்பிடணும்."

அணைக்கட்டு இன்ஜினியர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். கலங்கி வருகிற கசிவு கரைக்குள்ளிருக்கும் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது. எலி வளையோ நண்டு வளையோ தொடக்கமாக இருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கி ஓட்டை நீண்டுகொண்டே போய், உள்வாயைத் தொட்டதும் கரை உட்காரும். அதை வெளிப்பக்கம் துணியையும் மண்ணையும் வைத்து அடைக்கப் பார்ப்பது வீண், தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். மாமா ஆட்கள் செய்வது வேறு. ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல மணல் மூட்டையை வட்டமாக அடுக்குவார்கள். உள்ளே தண்ணீர் மட்டம் உயர உயர, பின்னாலிருந்து தள்ளுகிற வேகம் குறையும், மண் வருவது நின்று தெளிந்துவிடும். அதற்குள் இன்னொருவர் உள்வாய்ப் பக்கம் வைக்கோலைத் தூவிப் பார்ப்பார். வைக்கோல் எங்கே சுழன்று இழுபடுகிறதோ அங்கேதான் ஓட்டையின் வாய். அடைக்க வேண்டியது அந்த இடத்தை.

மூட்டை கட்டுவதிலும் பக்குவம் உண்டு. யூரியா சாக்கை முட்ட நிரப்பிக் கட்டினால் உருண்டைக் கல் மாதிரி இடைவெளி விட்டு உட்காரும், தண்ணீர் நடுவே போகும். பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, வாயை மடித்து அடியில் கொடுத்து, செங்கல் வரிசை போல மூட்டு மாற்றி அடுக்கி மிதித்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று. கண்மாய் நிறைந்ததும் கூடுதலாக ஒரு அடி தேக்கலாமே என்று கலிங்கின் மேலேயே மூட்டை அடுக்குகிற ஆட்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். கலிங்கு உயரத்துக்கும் கரை உயரத்துக்கும் நடுவே விட்டிருக்கிற இடைவெளிதான் ஊரின் உயிர். மண் கரையின் மேலே தண்ணீர் ஏறி வழிந்தால் அது நிற்கவே நிற்காது. பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கிடையே புல்லும் மண்ணும் வைத்து அடைத்ததெல்லாம் மழைக்காலத்தின் கடைசியில், வேண்டும்போது பிரித்துவிடத் தோதாக. ஐப்பசியிலேயே அடைத்துவிட்டுக் கார்த்திகை மழைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மேல்கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் கீழ்க்கண்மாய்க்கு வரும், அதுவும் தாங்காது. ஒரு ஊர் ஆசை நாலு ஊரைக் கொண்டுபோய்விடும்.

உடைப்புச் சேதி வந்தால் கீழே இருக்கிறவர்கள் ஓட வேண்டியது ஓடை போகிற திசையில் இல்லை. பக்கவாட்டில், மேட்டைப் பார்த்து. ஐயனார் கோயில் மேட்டில் கூடுவது எங்கள் ஊர்களில் வழக்கம். அந்தக் கோயில் பெரும்பாலும் கண்மாய்க்கரையிலேயே இருக்கும். ஐயனார் மேல் எனக்குப் பக்தி உண்டு, ஆனால் உடையப்போகிற கரையில் ஊரைக் கூட்டக் கூடாது. பள்ளிக்கூடக் கட்டடம் நல்லது. மாட்டை அவிழ்த்துவிட்டுப் போங்கள், கட்டுத்தறியில் விட்டால் அதற்கு வழியே இல்லை. இதெல்லாம் இருட்டுவதற்கு முன்னால்.

வீட்டைப் பற்றிச் சொல்வதென்றால், நகரத்தார் பூம்புகாரில் கடல் கொண்ட பிறகு இங்கே வந்தார்கள், அதனால்தான் வீட்டை இவ்வளவு உயரத் தூக்கிக் கட்டினார்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்ததிலிருந்து சுற்றுலாக்காரர்களும் இதை ஒப்பிக்கிறார்கள். தளம் உயரம் என்பது சரி. அதைவிடக் கெட்டிக்காரத்தனம் அந்த வீடுகளின் நீர்ப்போக்கு. கூரைத் தண்ணீர் வளவுக்குள் (நடுமுற்றத்துக்குள்) இறங்கி, தூம்பு என்கிற வடிகால் துவாரம் வழியாகத் தெருக்காலுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குப் போகும். இன்றைக்குப் பிரச்சினை, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வளவுத் தூம்பைச் சருகு அடைத்துக்கொள்ள, தண்ணீர் உள்ளேயே நின்று சுவர் ஊறி, பக்கத்து வீட்டுக்காரர் தலையில் இறங்குகிறது. ஊறிய சுவர் மழை பெய்யும்போது விழ வேண்டும் என்பதில்லை. விட்டு வெயில் அடித்த பிறகும் விழும். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் ஒரு சுவர் விழுந்தே 17 பேர் போனார்கள். மண்சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடாதீர்கள்.

வெள்ளம் வடிந்த வீட்டில் மெயினை அணைக்காமல் எதையும் தொட வேண்டாம். கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் எண் 94987 94987. பாம்பு மேட்டைத் தேடி வீட்டுக்குள்தான் வரும். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாது, அதனால் கட்டிலும் கொசுவலையும் அவசியம். கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், ஆளை நடக்கவிடாமல் நேரே அரசு மருத்துவமனை. கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்கிறவரை கொதிக்கவைத்தே குடியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆகவே இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதிவையுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மழை தொடங்கியதும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "மறுகால் பாயுதாமே, வீடியோ எடுத்து அனுப்புப்பா." அனுப்புகிறேன், தூரத்திலிருந்து எடுத்ததுதான். கூடவே ஒரு வரியும் போட ஆரம்பித்திருக்கிறேன்: "சித்தப்பா, உங்க வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு? வளவுத் தூம்பைத் தள்ளி விடணும்." வீடியோவுக்கு உடனே கைதட்டல் வருகிறது. சாவிக்கு இன்னும் பதில் வரவில்லை.